குளிருக்குப் போர்த்திய தேனீப்பெட்டி

குளிருக்கும் எனக்கும் ஒத்துவராது. பாரிசுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன பிறகும் அது எனக்குப் பழகவில்லை. பழகிக்கொள்ள நானும் முயலவில்லை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக நாடே மணிக்கூட்டு முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் நாளன்று, என் கணவர் அகலமான ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டு கதிரை மேல் ஏறிவிடுவார். லாச்சப்பலில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை, நான்கு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பையும் நாடாவால் அடைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து, அதற்கும் நாடா ஒட்டினால்தான் அவருக்கு மனம் ஆறும். அதன் பிறகு ஏப்ரல் வரை வெளிக்காற்று எங்களை எட்டிப் பார்க்காது. சோறு வேகும் ஆவியும், அறைக்குள் காயப்போட்ட உடுப்பின் ஈரமும் எங்களோடேயே குடியிருக்கும். படுக்கையறைச் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். நான் துடைப்பேன், இரண்டு கிழமையில் திரும்ப வரும். அது வீட்டுச் சொந்தக்காரனின் குற்றம் என்று இரண்டு பேருமாக எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன ஒருத்தியின் கையில்தான், 2010 செப்டெம்பரில், ஒரு பெட்டி நிறையத் தேனீக்களை ஒப்படைத்தார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையப் பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்தில், ரயில் பாதை ஓரமாக ஒரு ஒடுங்கிய நிலம் இருக்கிறது. அக்கம்பக்கத்துச் சனங்கள் சங்கம் வைத்து அதைத் தோட்டமாக்கியிருந்தார்கள். அதில் எனக்கும் ஒரு கட்டில் அளவு மண் கிடைத்திருந்தது. மிளகாயும் கொஞ்சம் கீரையும் வைத்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய், பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் தோட்டத்துக்குள் நுழைந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவேன். சங்கத்தில் நான் ஒருத்திதான் தமிழ். கூட்டங்களில் கடைசிக் கதிரையில் இருந்து, எல்லோரும் சிரித்தால் சிரித்து, எல்லோரும் எழும்பினால் எழும்புவேன். என் பிரெஞ்சு வேலைக்குப் போதும், விசா அலுவலகத்துக்குப் போதும். வாக்குவாதத்துக்குப் போதாது.

தோட்டத்தின் மூலையில் தேனீப்பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் ஒரு பிரெஞ்சுப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவளுக்குப் பிரான்சின் மேற்குக் கரையில், பிரெத்தாஞ் பக்கம் வேலை மாற்றம் வந்துவிட்டது. அந்தச் செப்டெம்பர்க் கூட்டத்தில், இனிப் பெட்டியை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அது போதாதென்று, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தாய் ஒருத்தி, கோடையில் தன் பிள்ளையின் கழுத்தில் தேனீ குத்தியதால் பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று கடிதம் கொடுத்திருந்தாள். ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். கடைசியில் முடிவு இதுதான்: யாராவது பொறுப்பெடுத்தால் இந்தக் குளிர்காலம் பெட்டி இருக்கட்டும். மார்ச் கூட்டத்தின்போது தேனீக்கள் உயிரோடு இருந்தால் தொடர்ந்து இருக்கும். செத்திருந்தால் பெட்டியை அகற்றிவிட வேண்டும், தோட்டத்தில் இனித் தேனீயே கிடையாது.

பிறகு சங்கத் தலைவர், பொறுப்பெடுப்பது யார் என்று கேட்டார். எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் தேனீக்களுக்காக உருகி உருகிப் பேசியவர்களும் சப்பாத்தைத்தான் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் வராது, கை வரும். கையைத் தூக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். எதற்கும் பதறாத மனிதர்.

"உமக்கு விசரே? வேலையால வந்து கால் நீட்ட நேரமில்லை எண்டு சொல்லுறனீர். இப்ப தேனீ வளக்கப் போறீரோ?"

"ஒரு குளிர்காலந்தானே" என்றேன்.

"குளிர்காலத்தில உம்மைப் பாக்கவே ஒரு ஆள் வேணும். நீர் அதுகளைப் பாக்கப் போறீர்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது.

அந்தப் பெண் போவதற்கு முன் மூன்று சனிக்கிழமைகள் எனக்குப் பழக்கினாள். முதல் சனிக்கிழமை, முகத்துக்கு வலை, கைக்கு உறை என்று மேலெல்லாம் கவசம் போட்டுக்கொண்டு, காலில் மட்டும் காலுறையும் செருப்புமாகப் போனேன். நம்மவர்கள் பாதிப்பேர் பாரிசில் அப்படித்தான் திரிகிறோம். தேனீக்கள் நேராகக் கணுக்காலுக்கு வந்தன. நான்கு குத்து. மறுநாள் கால் வீங்கிப்போய், வாளியும் துடைப்பமுமாக நொண்டி நொண்டி வேலை செய்தேன். முதல் பாடம் சப்பாத்து.

இரண்டாவது பாடம் சாப்பாடு. குளிருக்கு முன்னால் சீனிப்பாகு வைக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு லீட்டர் போதும் என்றாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அளந்து போட்டு எனக்குப் பழக்கமில்லை. இரண்டரை லீட்டர் காய்ச்சிக் கொண்டுபோய் ஊற்றினேன். அது வழிந்து பெட்டியெல்லாம் ஓடியது. பத்தாம் வட்டாரத்திலும் பதினெட்டாம் வட்டாரத்திலும் இருந்த குளவிகள் எல்லாம் விருந்துக்கு வந்து சேர்ந்தன. பக்கத்துக் கட்டடத்துத் தாய் ஜன்னலைப் படாரென்று அடித்துச் சாத்தியது தோட்டம் முழுக்கக் கேட்டது. அன்று பின்னேரம் முழுவதும் பெட்டியைச் சுடுதண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபரில் இன்னொன்று கண்டேன். பெண் தேனீக்கள், கொழுத்த ஆண் தேனீக்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு இழுத்து வந்து வெளியே தள்ளின. அவை திரும்ப நுழையப் பார்த்தன, திரும்பவும் தள்ளின. குளிர்காலத்தில் வேலை செய்யாமல் தின்பவர்களுக்கு இடமில்லையாம். இதைக் கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினார்.

போகும்போது அந்தப் பெண் ஒரு தாளில் குளிர்காலத்துக்கான விடயங்களைக் கையால் எழுதித் தந்தாள். பெட்டியைத் திறக்க வேண்டாம். பின்பக்கத்தை ஒரு விரலால் தூக்கிப் பாரம் பார்க்கவும். அடியில் உள்ள வலைத்தட்டு திறந்தே இருக்கட்டும். மூடிக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி விடவும். ஜனவரியில் கட்டியாக்கிய சீனிப்பாகு வைக்கவும். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். எல்லாம் விளங்கியது. ஒத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

குளிருக்குள் இருக்கும் உயிருக்கு அடியிலும் திறப்பு, மேலேயும் திறப்பு என்றால் எப்படி? ஆனால் இந்த நாட்டவர்கள் எல்லோருமே அப்படித்தான். நான் துடைக்கும் அலுவலகத்தில் ஒரு அம்மா, ஜனவரியில், விடிவதற்கு முன்பே வந்து எல்லா ஜன்னலையும் அகலத் திறந்துவிடுவாள். காற்று மாற வேண்டுமாம். நான் மேலங்கியோடு நின்று நிலம் துடைப்பேன். இவர்களுக்குத் தோல் வேறு, இவர்களின் புத்திமதி இவர்களுக்குச் சரி, வாயில்லாத சீவன்களுக்கு நான்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் கடைசியில் குளிர் இறங்கியது. வேலை முடிந்து தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய நடுக்கமாக ஒரு சத்தம். குளிரில் நடுங்குகின்றன என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அதுவரை பெட்டிக்குப் பத்து அடி கிட்டப் போகாத என் கணவர், அலுமாரிக்கு மேலிருந்த ஒட்டுநாடாவை எடுத்தார். கேட்காமலே வந்தார். குளிர் என்று சொன்னால் அந்த மனிதர் யாருக்கும் உதவி செய்வார்.

அடித்தட்டின் வலைக்குக் கீழே மட்டை வைத்து அடைத்தோம். மூடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் என் பழைய கம்பளிச் சட்டையைக் கிழித்துத் திணித்தோம். பிறகு பெட்டி முழுவதையும் போர்வையால் சுற்றினோம். எங்கள் ஆட்கள் வீட்டில் கட்டாயம் ஒன்று இருக்குமே, புலி முகம் போட்ட தடித்த போர்வை, அதுதான். அதற்கு மேல் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்கு மேல் நாடா. பதினெட்டு ஆண்டுகளின் ஜன்னல் அனுபவம் முழுவதையும் அவர் அந்தப் பெட்டியில் காட்டினார். வாசலில் மட்டும் இரண்டு விரல் அளவுக்கு விட்டோம்.

"இனி ஒரு சொட்டுக் காத்தும் போகாது" என்றார், பின்னால் நகர்ந்து நின்று பார்த்தபடி. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

டிசெம்பரில் பனி கொட்டியது. தோட்டமே வெள்ளையாகக் கிடக்க, பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து புலி மட்டும் எட்டிப் பார்த்தது. வேலிக்கு வெளியே போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். மெச்சித்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஜனவரி தொடக்கத்தில் வாசலில் செத்த தேனீக்கள் கிடந்தன. குளிர்காலத்தில் கொஞ்சம் சாகும் என்று தெரியும். ஆனால் இவை ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. வாசல் பலகையில் கறுப்பாகத் தண்ணீர் வடிந்திருந்தது. காதை வைத்தால் போர்வையின் தடிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. மார்ச் கூட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சப்பாத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது என்னைப் பார்ப்பார்கள். அந்தத் தமிழ் மனுசியிடம் கொடுத்தோம், கொன்றுவிட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நல்ல மனிதர்கள், நினைத்துக்கொள்வதோடு விட்டுவிடுவார்கள். அதுதான் எனக்குத் தாங்காது.

அந்த வார இறுதியில் பிரெத்தாஞ்சிலிருந்து அந்தப் பெண் புதுவருட வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தாள். தேனீக்கள் எப்படி என்று கேட்டாள்.

"நன்றாக மூடி வைத்திருக்கிறேன். கொஞ்சமும் குளிராது" என்றேன்.

"எப்படி மூடினீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மட்டை, கம்பளி, போர்வை, பிளாஸ்டிக், நாடா என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"கேளுங்கள்" என்றாள். "குளிர் அவற்றைக் கொல்லாது. எல்லாம் பந்தாகச் சேர்ந்து, உடம்பை நடுக்கி, தாங்களே சூடு உண்டாக்கிக்கொள்ளும். நீங்கள் கேட்ட நடுக்கம் அதுதான், அது நல்ல சத்தம். ஆனால் அவை தேனைத் தின்னும்போது மூச்சில் ஈரம் வெளியே வரும். அது போக வழியில்லாவிட்டால் மூடியில் தங்கி, குளிர்ந்து, அவற்றின் மேலேயே சொட்டும். நனைந்த தேனீ பிழைக்காது. எல்லாவற்றையும் கழற்றுங்கள்."

"வெளியே தண்ணீர் உறைகிற குளிர்."

"தெரியும். இங்கேயும் அப்படித்தான். நாளைக்கே கழற்றுங்கள்."

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. தூரத்தில் இருந்துகொண்டு, கடும் பனியில் ஒரு குடும்பத்தின் கூரையைப் பிடுங்கச் சொல்கிறாள். கணவரும் என் பக்கம் நின்றார். "அந்தப் பெட்டைக்கு என்ன தெரியும்? அதுகள் செத்துப்போடும்" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. ஏனென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாது, குளிரைப் பற்றிய பயம் மட்டும்தான் தெரியும். ஈரமாக ஒட்டிக் கிடந்த தேனீக்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை கணவரின் கடைக்கு விடுமுறை. நண்பகலில் இரண்டு பேரும் போனோம். பிளாஸ்டிக்கைக் கிழித்தபோது போர்வை தண்ணீரில் ஊறிப் பாரமாகத் தொங்கியது. கம்பளியைப் பிடுங்கினேன், பிழிந்தால் தண்ணீர் ஓடியது. அடியில் இருந்த மட்டையை இழுத்ததும் ஒரு கைப்பிடி செத்த தேனீக்கள் அதனோடு சேர்ந்து வந்தன. மேல் மூடியைத் தூக்கினேன். அதன் உட்புறம் முழுவதும் துளித் துளியாகத் தண்ணீர். மூலைகளில் கறுப்பாக, வட்டம் வட்டமாகப் பூஞ்சணம்.

என் கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது எங்கடை அறைச் சுவரெல்லே" என்றார்.

எங்களுக்கு நாங்களே பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்ததை, ஆசையோடு, இந்தப் பூச்சிகளுக்கும் செய்திருந்தோம்.

மூடியை நன்றாகத் துடைத்தேன். மூடிக்குக் கீழே இருக்கும் உள்பலகையின் சின்னத் துவாரத்துக்கு மேல் கட்டிச் சீனிப்பாகை வைத்தேன். துவாரத்துக்குள் பார்த்தால் இருட்டு. தண்ணீர் வாசல் பக்கமாக ஓடட்டும் என்று, பெட்டியின் பின்பக்கத்துக்கு அடியில் கணவர் ஒரு மரத்துண்டை வைத்து உயர்த்தினார். மேல் மூடியை இரண்டு குச்சிகளின் மேல், காற்றுப் போக இடம் விட்டு வைத்தேன். பெட்டியில் விரலால் தட்டினால் உள்ளே ஒருமுறை பொங்கி அடங்கும் சத்தம் கேட்க வேண்டும், கேட்டால் உயிரோடு இருக்கின்றன என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தட்டினேன். அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போன பிறகு இன்னொரு முறை தட்டினேன். ஏதோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. மூன்றாம் முறை தட்டக் கை வரவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் கணவர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குள் போனார். நாடா கிழியும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஜன்னல் திறந்திருந்தது, பூஞ்சணம் பிடித்த மூலையை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் திறந்தாக் காணுமாம். கடையில ஒரு பொடியன் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை" என்றார்.

இரண்டு பேரும் கம்பளிக்குள் சுருண்டு இருந்துகொண்டு அந்தக் கால் மணித்தியாலத்தைக் கழித்தோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அலுவலகத்து அம்மாவை நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை காத்திருந்தேன். பத்துப் பாகை தாண்டி வெயில் வந்தால் ஒழிய அவை வெளியே வராது, அதுவரை பெட்டிக்குள் கை வைக்கவும் கூடாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போய்ப் பெட்டியின் முன்னால் நின்றேன். வாசலில் ஒன்றும் இல்லை. முதலில் தொட்டுப் பார்த்தேன், பிறகு தொடுவதையும் விட்டுவிட்டேன்.

எனக்கு அந்தக் காத்திருப்பு புதிதல்ல. 2009இல், இறுதிப் போர் நடந்த ஐந்து மாதங்களும், வன்னியில் இருந்த என் அக்காவின் குடும்பத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் இருந்தோம். வேலைக்குப் போவேன், நிலம் துடைப்பேன், வந்து தொலைபேசிக்கு முன்னால் இருப்பேன். திறந்து பார்க்க முடியாத பெட்டி அதுவும். மே கடைசியில் முகாமிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. "சாப்பிட்டியோ அக்கா" என்று கேட்டேன், அவ்வளவுதான். ஏன் அப்படிக் கல்லாக இருந்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். தேனீக்களையும் மனிதர்களையும் ஒன்றாகப் பேசுவது தப்பு என்றும் தெரியும். ஆனாலும் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது உடம்புக்கு அந்தக் காத்திருப்புத்தான் ஞாபகம் வந்தது.

பெப்ரவரி கடைசியில் ஒரு புதன்கிழமை. காலையிலேயே வானம் நீலமாக இருந்தது. பதினொரு மணிக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, மேலங்கி எனக்குக் கொஞ்சம் பாரமாகப் பட்டது. பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். வாசலில் ஒரு தேனீ. செத்ததோ என்று குனிந்தேன். அது காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் பறந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. பெட்டியைச் சுற்றி, எனக்கு மேலே, மிளகாய்ப் பாத்திக்கு மேலே, எல்லா இடமும் தேனீ. என்னுடைய சாம்பல்நிற மேலங்கியில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் விழுந்தது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பெட்டிக்குள் அசுத்தம் செய்யக் கூடாது என்று மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்ததை, முதல் வெயிலில் வெளியே வந்து, எல்லாம் சேர்ந்து என் தலையில் கழித்துக்கொண்டிருந்தன.

அந்த மஞ்சள் மழைக்குக் கீழே நின்று நான் அழுதேன். மூக்கு ஒழுக, சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதேன். ஒரு வருடமும் ஒன்பது மாதமும் பிந்தி வந்த அழுகை. அக்காவுக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன் என்பதை அப்போதே அறிந்திருந்தேன். அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு எடுத்து, அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

மேலங்கியைக் கழுவக் கொடுக்காமல் அப்படியே கணவரிடம் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சந்தோசந்தான், ஆனா வாசலுக்கு வெளியில கொழுவும்" என்றார்.

மார்ச் கூட்டத்தில் தலைவர் தேனீக்களைப் பற்றிக் கேட்டபோது, எழுந்து நின்று உயிரோடு இருக்கின்றன என்றேன். கை தட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நாடா, கம்பளி, புலிப் போர்வை, எங்கள் படுக்கையறைச் சுவர் ஒன்றையும் விடவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்து கிட்டத்தட்டக் கொன்றேவிட்டிருந்தேன் என்றேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த முறை எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடிதம் கொடுத்த தாயும் வந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது, பெட்டி வாசலை ரயில் பாதைப் பக்கமாகத் திருப்ப முடியுமா என்று என்னிடம் நேரே கேட்டாள். முடியும் என்றேன். ஒரு நாளில் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். திருப்பினேன்.

இந்த நல்ல சேதியைச் சொல்ல நான் பிரெத்தாஞ்சுக்கு எடுத்தேன். அவள் மிகவும் சந்தோசப்பட்டாள். உங்கள் தேனீக்கள் எப்படி என்று கேட்க எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தோன்றியது. அங்கே போனதும் அவள் புதிதாக ஒரு பெட்டி வைத்திருந்தாள்.

"செத்துவிட்டன" என்றாள். "ஜனவரியில்."

நம்ப முடியாமல் கேட்டேன்: "காற்றோட்டம் விட்டிருந்தீர்கள்தானே?"

"எல்லாம் சரியாகத்தான் செய்தேன்" என்றாள். குரலில் குறை சொல்வது போல ஒன்றும் இல்லை. "சில வருடம் அப்படித்தான்."

தொலைபேசியை வைத்தேன். அதுவரை, இந்த நாட்டவர்களுக்குக் குளிரைப் பற்றி எல்லாம் தெரியும், எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தவளுடையது செத்துவிட்டது. ஒன்றும் தெரியாதவளுடையது பிழைத்துவிட்டது. என் கெட்டித்தனம் இதில் ஒரு துளியும் இல்லை. அது விளங்கியபோது கூச்சம் வந்தது, ஆறுதலும் வந்தது. திரும்ப அவளுக்கு எடுத்து, மே மாதம் வாருங்கள், பாதியைப் பிரித்துத் தருகிறேன் என்றேன்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நண்பர் ஒருவரின் பழைய வண்டியில், சின்ன வெறும் பெட்டி ஒன்றோடு வந்தாள். இரண்டு பேருமாகத் திறந்தோம். இந்த முறை என் காலில் சப்பாத்து இருந்தது. தேனும் முட்டையும் குஞ்சுமாக ஐந்து மரச் சட்டங்களை, அவற்றின் மேல் அப்பியிருந்த தேனீக்களோடு, ஒவ்வொன்றாகத் தூக்கி அவளுடைய பெட்டிக்குள் இறக்கினேன். அவள் பெட்டியை வண்டியில் ஏற்றி, கயிற்றால் கட்டிவிட்டு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

நன்றி சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் வாங்கிக்கொண்டே இருந்தவள். விசா அட்டை, வாடகை உதவி, யாரோ போட்டுக் கழித்த மேலங்கி, தெருவில் எடுத்த கதிரை, இலவசமாக எத்தனையோ புத்திமதி. எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று, கையெழுத்து வைத்து, நன்றி சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர்கள், "பரவாயில்லை, இதில் என்ன இருக்கிறது" என்று பதில் சொல்வார்கள். ஆயிரம் தடவை அதைக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும் இடத்தில் நான் ஒருமுறையும் நின்றதில்லை.

அவள் என் கையை விடாமல் நின்றாள். "பரவாயில்லை" என்றேன். "இதில் என்ன இருக்கிறது."

வண்டி போன பிறகு மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றினேன்.